காலி வீட்டைக் கண்டால் படுத்துவிடுகிறவர்

காலி வீட்டைக் கண்டால் அவர் படுத்துவிடுவார். கூடத்தின் நடுவில், வெறும் தரையில், கையையும் காலையும் நாலு பக்கமும் விரித்துக்கொண்டு, கண்ணை மூடி, "அப்பா... இன்னா எடம்! இன்னா எடம்!" என்பார். முதல்முறை பார்த்தபோது மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று நினைத்து நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தவர், "குடிக்கவா அக்கா, மூஞ்சில தெளிக்கவா?" என்று கேட்டார்.

அது 2004 கோடை. என் வீட்டுக்காரருக்குக் கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்து, சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்குக் குடிபோனோம். வீடு மாற்றித் தர வந்தவர்தான் அவர். சொந்தமாக ஒரு மினி லாரி. வீட்டுச் சாமான் சவாரி மட்டும்தான் எடுப்பார். செங்கல், மணல், ஆடு, மாடு எதுவும் ஏற்றமாட்டார். அப்போது முப்பது வயது இருக்கும். கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினாலே குடல் புரளும், அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன் என்பார். பேர் இருந்தது. ஆனால் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டிக்காரத் தம்பி, அவ்வளவுதான்.

அன்று காலையிலேயே சிதம்பரத்தில் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வேலையில் மட்டும் ஸ்டோர் கீப்பர் இல்லை. ஓடாத டேபிள் ஃபேன் ரெண்டு, எரியாத டியூப்லைட்டின் பட்டிகள், அடி ஓட்டையான குண்டான், எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிச்சமானது ஒரு கட்டு, டிவி வந்த அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள் வேறு சின்னப் பெட்டிகள். எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை: "ஒதவும்."

வண்டிக்காரத் தம்பி வாசலில் நின்று இதையெல்லாம் ஒரு சுற்று பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

"மாமா, ஒரு நடைதான். ரெண்டாவது நடைக்கு நான் வரமாட்டேன்."

"ஏன்யா, ரெண்டு நடைக்கும் வாடகை குடுக்கறேன்ல?"

"வாடகைக்குச் சொல்லல மாமா. ஒரு நடைல ஏறலன்னா அது வூடு இல்ல, குடோன்." பிறகு ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். "கண்ண மூடிக்கினு சொல்லுங்க, இதுக்குள்ள இன்னா இருக்கு? சொல்லிட்டீங்கன்னா வண்டில ஏத்தறேன். சொல்ல முடியலன்னா அது இங்கியே நிக்கட்டும்."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. கோபத்தில் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இன்னொரு வண்டியைப் பிடித்துவந்து, நின்றுபோனது அத்தனையையும் ஏற்றிவிட்டார்.

சாயந்திரம் அந்த ரெண்டாவது வண்டி கடலூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, வண்டிக்காரத் தம்பி எங்களுக்குக் கட்டில் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் படுத்திருந்த இடத்தின் மேல் பெட்டி மேல் பெட்டியாக ஏறியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. எடம்தான் தோத்துப்போச்சு."

எங்கள் தெருமுனையில்தான் அவருடைய வண்டி நிற்கும். அதனால் தினமும் பார்வையில் படுவார். யார் வீட்டுக்காவது சவாரி என்றால் முதல் நாளே போய் நின்றுகொள்வார். கட்டில் அடியில் குனிந்து பார்ப்பார், பரணில் டார்ச் அடிப்பார், அலமாரிக் கதவைத் திறந்து சாமான் தானாக விழுந்தால் கைதட்டுவார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அவருக்கு அது. "எடம் இருக்கறதும் ஒரு சாமான்தான் அக்கா. அத யாரும் ஏத்திக்கினு வர்றதில்ல" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. அவருடைய குப்பத்து வீடு போனது. அவரும் அம்மாவும், கடலுக்குப் போயிருந்த அப்பாவும் அண்ணன்களும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது: பாவம், எல்லாம் போனதால்தான் அவருக்குச் சாமான் என்றாலே வெறுத்துவிட்டது என்று. நான் குடிவந்த மே மாசமே அவர் பேச்சைக் கேட்டவள், எனக்குத் தெரியும் அது அப்படி இல்லை என்று. அவர் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"கடல் எடுத்தது வேற, நாம எடுக்கறது வேற அக்கா. கடல் என்னக் கேட்டுட்டா எடுத்துச்சு?"

சாமானை அவர் வெறுக்கவில்லை என்பதற்கு எனக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பின்தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மா திருவந்திபுரத்தில் தம்பி வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார்கள். நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஒரு பழைய தகரப்பெட்டி. வழக்கம்போல இவர் கேட்டார், கண்ணை மூடிக்கினு சொல்லுங்கம்மா என்று. அந்த அம்மா மூடினார்கள். "ரெண்டு பாவாடை, பச்சை ஒண்ணு, சேப்பு ஒண்ணு. ஒரு கணக்கு நோட்டு. மூணு பென்சில். ரிப்பன். பல்லு போன சீப்பு, அதுல முடி சுத்தியிருக்கும். மாத்திரை அட்டை, அதுல நாலு மாத்திரை பாக்கி..." சொல்லிக்கொண்டே போனார்கள். பத்து வயதில் இறந்துபோன மகளுடைய பெட்டி.

அவர் திறந்து பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் தன் பக்கத்து சீட்டில் வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து, பெட்டி ஆடாமல் சீட்டோடு சேர்த்துக் கட்டினார். "கட்டில் பின்னாடி ஏறட்டும். இது முன்னாடி" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்தவள். காத்திருப்பதையே மறந்துவிட்டிருந்தேன். 2008 ஜூன் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. பட்டதாரி ஆசிரியர் பணி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, எல்லா அசலும் கொண்டுவர வேண்டும். வாசலிலேயே குதித்தேன். தபால்காரர் பயந்துபோனார்.

குதித்து முடித்ததும்தான் உறைத்தது. அசல் எங்கே?

பிரவுன் ரெக்ஸின் ஃபைலில் எல்லாவற்றையும் போட்டு, மேலே 'முக்கியம்' என்று எழுதி, பத்திரமாக வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது. எங்கே என்றுதான் நினைவில்லை. நாலு வருஷத்தில் அந்த ரெண்டு ரூமும் என்ன ஆகியிருந்தது என்றால், மூணாவது படிக்கிற எங்கள் பெண் மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். உள்ளே ஒரு ஸ்டூல் போட இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை முழுக்க, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தேடினோம். தேடினோம் என்பது பேச்சுக்கு. இந்தக் குவியலை அந்தக் குவியல் மேல் வைத்தோம், அதை எடுத்து இதன் மேல் வைத்தோம். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கடையில் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனேன். தெருமுனையில் வண்டிக்காரத் தம்பி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, மூஞ்சி வீங்கிக்கிது?" என்றார். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

கூடவே வந்தார். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். எனக்கு உயிர் போகிறது, அவருக்கோ கண் மின்னுகிறது.

"அக்கா, தேடாதீங்க. இதுல தேடினா கெடைக்காது. நாளைக்குக் காலைல வூடு மாத்தறோம்."

"எங்கய்யா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த வூட்டுக்குத்தான் மாமா. வேற எங்க? மொத்தமும் வெளிய வரணும். புது வூட்டுக்கு இன்னா வேணுமோ அது வண்டில. மத்தது ரோட்டுல. அப்பறம் வண்டிய ஒரு சுத்து சுத்திக்கினு வந்து இதே வூட்ல குடி வர்றோம்."

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவர் சொன்ன தினுசில் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஆனது. எங்கள் பெண் இன்னும் ஒருபடி மேலே. மறுநாள் காலையில் பிறந்தநாள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். புது வீட்டுக்குப் போகிறோமாம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்து வாசலில் ஒட்டி நிறுத்தினார். பழைய இரும்புக்காரருக்கும் சொல்லியிருந்தார், அவரும் ட்ரைசைக்கிளோடு வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவே அசையாமல் நின்றார். வண்டிக்காரத் தம்பி அவர் தோளைத் தொட்டார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. உங்க கையால. மத்தது நான் பாத்துக்கறேன்."

அந்த ஒன்றை எடுக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. டியூப்லைட் பட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல ட்ரைசைக்கிளில் வைத்தார். ரெண்டாவதுக்கு அஞ்சு நிமிஷம். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எட்டு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டார். ஒன்பது மணிக்கு ஓட ஆரம்பித்தார். "இது வேணாம்! ஏய், இதுவும் வேணாம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். வண்டிக்காரத் தம்பி, "அப்படிப் போடுங்க மாமா!" என்று பதில் சத்தம் கொடுத்தார். இத்தனை வருஷமாக நான் என் வீட்டுக்காரர் ஒருத்தரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையைக் காலி செய்தபோது என் குட்டும் வெளிப்பட்டது. மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பாக்களும், டப்பா இல்லாத மூடிகளும் ரெண்டு சாக்கு. நானும் வீசினேன். வீச வீசக் கை லேசானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, தங்கள் வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

கண்ணை மூடுகிற பரீட்சையும் நடந்தது. அட்டைப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். தெரியாது என்றால் பெட்டி அப்படியே ட்ரைசைக்கிளுக்குப் போனது.

மூணாவது தடவையாக ட்ரைசைக்கிள் நிரம்பிப் போனபோது மணி பன்னிரண்டு. வீடு காலி. சுவரில் நாலு வருஷமாக நாங்கள் பார்த்தே இராத ஒரு ஜன்னல் இருந்தது. வண்டிக்காரத் தம்பி கூடத்தின் நடுவில் படுத்துவிட்டார். பக்கத்தில் என் பெண் படுத்தாள். கவுன் அழுக்காகும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் வீட்டுக்காரரும் படுத்துவிட்டார். மூணு பேரும் கையைக் காலை விரித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே கேட்டேன்:

"ஃபைல் எங்க?"

சிரிப்பு நின்றது. வண்டியில் ஏறின சாமான் முழுக்க என் கண்முன்னே பிரித்துப் பார்த்து ஏற்றியது. அதில் இல்லை. வீட்டில் ஒரு துரும்பும் இல்லை.

வண்டிக்காரத் தம்பி எழுந்து உட்கார்ந்தார். "மாமா, எத்தினி பெட்டி திறக்காம போச்சு?"

"நாலு... அஞ்சு இருக்கும்."

அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். "தப்பு என்னுது அக்கா. மாமா மேல இல்ல. நான்தான் திறக்காம அனுப்பினேன். ஏறுங்க."

என் வீட்டுக்காரர் முன்னால் ஏறினார். நான் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு நடுவில். பின்னால் எங்கள் மொத்தக் குடித்தனமும் கட்டில், பீரோ, அரிசி டின்னோடு. திருப்பாப்புலியூரில் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனால், அட்டைப்பெட்டி எல்லாம் கொஞ்சம் முன்னால் பேப்பர் லாரியில் ஏறிப் பண்ருட்டி பக்கம் போய்விட்டதாம். "பச்சை கலர் லாரி, போயி அரைமணி நேரம் ஆவுது" என்றார் கடைக்காரர்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் அந்த மினி லாரி அவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது. பின்னால் பாத்திரங்கள் மோதுகிற சத்தம் கோயில் மேளம் போலக் கேட்டது. ஒவ்வொரு பச்சை லாரியையும் பார்த்து என் பெண் கத்தினாள். வண்டிக்காரத் தம்பிக்கு வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது. திருவந்திபுரத்துப் பெருமாளைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

காப்பாற்றியது பலாப்பழம். பண்ருட்டி நாலு முனையில் பலா லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி நின்றது பச்சை லாரி. இவர் வண்டியை நிறுத்தினாரா, ஓடும்போதே குதித்தாரா தெரியாது. லாரிக்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்பக்கக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் கீழே நின்று அடையாளம் காட்டினார். முதல் பெட்டி, கல்யாணப் பத்திரிகை. ரெண்டாவது பெட்டி, வயர் துண்டுகள். மூணாவதில் பழைய காலண்டர்கள். அவர் கிழிக்கக் கிழிக்க அட்டை காற்றில் பறந்தது. பலா இறக்குகிற ஆட்கள் கூடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

நாலாவது பெட்டியில் கையை விட்டவர் அப்படியே நின்றார். பிறகு பிரவுன் ஃபைலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். என் கையெழுத்து அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது: முக்கியம். என்ன விஷயம் என்றே தெரியாமல் அந்த நாலு முனையே கைதட்டியது.

இறங்கி வந்து உடனே கொடுக்கவில்லை. "எண்ணுங்கக்கா. ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க" என்று திறந்து நீட்டினார். பத்தாவது, பன்னண்டாவது, டிகிரி, பி.எட்., சாதிச் சான்றிதழ், பதிவு அட்டை. எல்லாம் இருந்தது. பூச்சிகூட அரிக்கவில்லை. "இருக்கு தம்பி" என்றேன். ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். பலாக்காரர் ஒருத்தர் எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு சுளை கொடுத்தார். அந்த ருசியில் இன்னொரு பலாச்சுளை நான் சாப்பிட்டதில்லை.

அன்று மாலை நாங்கள் எங்கள் வீட்டிலேயே குடி வந்தோம். பால் காய்ச்சினேன். புதிதாகக் கிடைத்த ஜன்னலுக்குக் கீழே பெண்ணுக்கு மேசை போட்டோம். அதற்கப்புறம் எந்தப் பெட்டியையும் வண்டிக்காரத் தம்பி திறக்காமல் விட்டதில்லை. கண்ணை மூடிச் சொல்லச் சொல்வார், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தானே உட்கார்ந்து அடிவரைக்கும் துழாவிப் பார்ப்பார்.

சில மாசத்தில் ஆர்டர் வந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். மறுபடி சிதம்பரத்துக்கே குடிபோனோம். அவர்தான் கொண்டுபோய் விட்டார். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கடலூருக்குப் போய்வந்தார். மாமாவும் மச்சானும் போல ஆகிவிட்டார்கள் ரெண்டு பேரும், வாரம் ஒரு போன் பேசாவிட்டால் தூக்கம் வராது.

2011 கடைசியில் அந்தப் புயல் வந்தது. சிதம்பரத்தில் மரம் சாய்ந்தது, கரெண்ட் போனது, அவ்வளவோடு விட்டது. கடலூரும் பண்ருட்டியும் நொறுங்கிவிட்டன என்றார்கள். போன் எதுவும் வேலை செய்யவில்லை. என் வீட்டுக்காரர் மூணு நாளாக அவர் நம்பரையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில் அவரே வாசலில் வந்து நின்றார். வண்டியின் முன்கண்ணாடி இல்லை. தாடி. கண் மட்டும் அதே கண்.

"அக்கா, உயிர்ச்சேதம் இல்ல எங்க பக்கத்துல. ஆனா கூரைன்னு ஒண்ணு ஒருத்தருக்கும் இல்ல. பாய், போர்வை, பாத்திரம், வாளி எதுன்னா ஜாஸ்தியா இருக்கா? தெருத்தெருவா கேட்டுக்கினு வரேன்."

நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன். அவரும் என் தோளுக்குமேல் பார்த்தார். மூணு பேருக்கு மூணு பாய். அடுப்பில் ரெண்டு பாத்திரம், பக்கத்தில் ஒரு குக்கர். ஜாஸ்தி என்று எதுவும் இல்லை. அவர் முகம் சுருங்கியது.

"நான்தான் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேன், இல்ல?"

"போய்யா" என்றார் என் வீட்டுக்காரர். "ஓட்டக் குண்டானையா குடுத்திருப்ப அவுங்களுக்கு?" சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார். சோற்றை ஒரு தட்டில் கொட்டிவிட்டுப் பானையைக் கழுவினார். குழம்புச் சட்டியையும். வாளி ரெண்டு. பாய் ரெண்டு. கம்பளி. பெண் தன் போர்வையைத் தானே மடித்துக் கொண்டுவந்தாள்.

"மாமா, இது நீங்க பொழங்கறது!"

"பொழங்கறதத்தான்யா குடுக்க முடியும். புடி."

அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக வண்டியில் அடுக்கும்போதே பழைய வேகம் வந்துவிட்டது. "இன்னும் நாலு தெரு இருக்கு அக்கா, அதுக்குள்ள மழை வந்துடும்" என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறியவர், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது கேட்டது. மறு வருஷம் புதுச்சேரிப் பக்கம் சவாரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நம்பரும் மாறிவிட்டது.

அவர் பாத்திரம் வாங்கிப்போன அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் பால், சோறு, குழம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே குக்கரில்தான் நடந்தது. மூணு பேரும் ஒரு பாயில் நெருக்கிப் படுத்துக்கொண்டு யார் கால் யார் மேல் என்று சண்டை போட்டோம். எட்டாம் நாள் கடைவீதிக்குப் போய்ப் பாத்திரக்கடையில் நின்றேன். கடைக்காரர் செட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு சொன்னார்: "வேணாம். ஒரு பானை போதும்."